மைனி கட்டிய கட்டு

அத்தியாயம் 9

"வலிக்குதா?" என்று நர்ஸ் தேவகனி கேட்டாள்.

"இல்ல" என்றாள் முத்துக்கனி.

பச்சைப் பொய். ஆப்பரேசன் முடிந்து மயக்கம் தெளிந்ததிலிருந்து அவள் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும் பொய்.

வயிற்றுப்புண்ணோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியவளை, புருஷன் குமாரதாஸ் ஆரல்வாய்மொழிக் கடையைப் பூட்டிவிட்டு இந்த மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்ததும், கத்திக்குப் பயந்து அவள் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கப் பார்த்ததும் போன வாரத்துச் சங்கதி. கத்தி வேலை நல்லபடியாகவே முடிந்தது. வயிற்றைத் திறந்து, உள்ளே செய்ய வேண்டியதைச் செய்து, தைத்து மூடியாயிற்று. இனி எழுந்து நடமாட வேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் வந்தது வினை.

நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள் வரைக்கும் ஓடிய தையல், மூச்சு விடும்போதெல்லாம் சுள்ளென்று இழுத்தது. அதனால் முத்துக்கனி மூச்சையே சிக்கனமாகச் செலவழித்தாள். தொண்டையில் சளி கரகரத்தது. இருமினால் உயிர் போய்விடும் என்று பயந்து அதை விழுங்கினாள். நேற்றுக் காய்ச்சல் வந்தது. இன்று காலையில் அது கூடியிருந்தது.

"வலிச்சா சொல்லணும் அக்கா. ஊசி இருக்கு" என்றாள் தேவகனி.

"வலிச்சாத்தானே சொல்லுகதுக்கு!"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த தாணம்மாள் திருப்தியாகத் தலையாட்டினாள். குமாரதாஸின் அக்கா அவள், முத்துக்கனிக்கு மைனி. கட்டிய புருஷனைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்துவிட்டுத் தம்பி வீட்டோடு வந்து, தம்பி வீட்டையே தன் கைக்குள் வைத்திருப்பவள். கெட்டவள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து முத்துக்கனியின் கட்டிலை விட்டு அவள் நகரவில்லை. அன்பும் அதிகாரமும் அவளிடம் சேர்ந்தேதான் வரும், ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதை வேண்டாம் என்று சொல்ல வழியில்லை.

நர்ஸ் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும் தாணம்மாள் போர்வையை லேசாகத் தூக்கிப் பார்த்தாள்.

"கெட்டு தளரல்லியே?"

"இல்ல மைனி."

அந்தக் கட்டு டாக்டர் போட்டதல்ல. ஊரில் பிள்ளை பெற்றவளுக்கு வயிற்றுக்கட்டுப் போட வேண்டுமென்றால் தாணம்மாளைத்தான் கூப்பிடுவார்கள். பழைய வேட்டியை நீளநீளமாகக் கிழித்து அவள் இறுக்கிக் கட்டினால், சரிந்த வயிறு தானாகப் பழைய இடத்துக்குப் போகும் என்று பேர். பிள்ளை பெற்ற வயிற்றுக்கே அப்படியென்றால், அறுத்துத் தைத்த வயிற்றைச் சும்மா விடலாமா? நர்ஸ்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்து, மார்புக்குக் கீழே தொடங்கி இடுப்பு வரைக்கும் சுற்றிச் சுற்றிக் கட்டி முடிச்சுப் போட்டுவிட்டாள்.

"தையலு விட்டுப்போனா கொடலு வெளிய வந்திரும்டி. இருமாத. அனங்காத. கட்டைபோல கெட" என்று சட்டமும் போட்டாள்.

முதலில் அந்த இறுக்கம் முத்துக்கனிக்கு ஆதரவாகத்தான் இருந்தது. அப்புறம் மூச்சு உள்ளே இறங்க இடமில்லாமல் போயிற்று. அவிழ்க்கச் சொல்ல வாய் வரவில்லை. மைனி போட்ட கட்டை அவிழ்க்கச் சொன்ன மருமகள் அந்தக் குடும்பத்தில் இதுவரை கிடையாது.

"இந்தக் குமாரு பயலுக்க போக்கு எனக்குப் பிடிபடல்ல" என்று தாணம்மாள் வேறு பேச்சுக்குத் தாவினாள். "நேரத்துக்கு மூணு பொதிச்சோறு வாங்குதானாம், பொதி கொண்டுவாற ஓட்டல் பொடியன் சொன்னான். எனக்கு ஒண்ணு, அவனுக்கு ஒண்ணு. மூணாவது ஆருக்கு?"

"அவியளுக்குப் பசிச்சிருக்கும் மைனி."

"அவனா? ஒரு பொதியவே முழுசாத் திங்க மாட்டான்."

பெண்கள் வார்டில் ஆண்களுக்குச் சாயங்காலம் மட்டும்தான் அனுமதி. அதுவரைக்கும் குமாரதாஸ் வெளியே எங்கே இருக்கிறான், என்ன செய்கிறான் என்பது முத்துக்கனிக்கும் தெரியாது. யோசிக்கவும் அவளுக்குத் தெம்பில்லை.

வலி இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தேவகனி ஊசியோடு வந்துவிடுவாள். ஆப்பரேசன் நடந்த அன்று சாயங்காலமே கொண்டுவந்தாள். முத்துக்கனிதான் கேட்டாள், "இதுல அபின் உண்டா?" என்று. தேவகனி பொய் சொல்லத் தெரியாத பெண். "அபின்லேருந்து எடுக்கிற மருந்துதான் அக்கா. டாக்டர் அளந்துதான் குடுப்பாவ" என்றாள். முத்துக்கனி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்போது தொடங்கிய "இல்ல" இது.

காரணம் ஊரறிந்ததுதான். அவளுடைய அப்பா சுயம்பு பனையிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு நொறுங்கியவர். எலும்பு கூடியும் கூடாமலும் நின்றது. வலிக்கு என்று கடையில் அபின் உருண்டை வாங்கத் தொடங்கியவர் பிறகு அதற்காகவே உயிர் வைத்திருந்தார். அம்மாவின் காதுப் பாம்படம் போயிற்று, வீட்டு வெண்கலம் போயிற்று, அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். பதிமூன்று வயதில் முத்துக்கனி அய்யா வைகுண்டரைக் கும்பிடும் தாங்கலுக்குப் போய் நின்றாள். அங்கே சிலை கிடையாது, கண்ணாடிதான். கும்பிடுகிறவர் அதில் தன் முகத்தையே பார்த்துத்தான் கும்பிட வேண்டும். அவளும் தன் முகத்தைப் பார்த்து, அந்தச் சனியன் என் உடம்பில் ஏறாது என்று சத்தியம் செய்தாள்.

கல்யாணப் பேச்சில் தாணம்மாள் ஒரே நிபந்தனைதான் போட்டாள். அந்த ஆள் எங்கள் வாசற்படியை மிதிக்கக் கூடாது. முத்துக்கனி மறுபேச்சுப் பேசாமல் சம்மதித்தாள். அப்பாவை அவள் அவ்வளவு வெறுத்தாள்.

டாக்டர் யேசுரத்தினம் வந்தபோது வெயில் ஜன்னல் வழியாகக் கட்டிலுக்கு ஏறியிருந்தது. வடக்கே போய்ப் புதுமுறைகளெல்லாம் படித்துவிட்டு வந்தவர், சிரித்துக்கொண்டே திட்டுவார். காய்ச்சல் கணக்கைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. முத்துக்கனியைச் சாய்த்து முதுகில் குழலை வைத்துக் கேட்டார்.

"நெஞ்சுக்கு அடியில காத்தே போகல்ல. ஒரு தடவ இருமுங்க பாப்போம்."

முத்துக்கனி தொண்டையைச் செருமினாள்.

"இது இருமல் இல்ல, பூனை கனைக்குது. வலிக்குதா?"

"இல்ல."

"வலிக்கல்லேன்னா ஏன் இரும மாட்டேங்கிய?" என்று சொல்லிக்கொண்டே அவர் அவள் விலாவில் உள்ளங்கையை வைத்தார். கை நின்றது. மேலங்கியை விலக்கச் சொன்னார். பழைய வேட்டியில் கட்டிய கட்டு வெளியே வந்தது.

"இது ஆரு கெட்டுனது?"

"நான்தான்" என்றாள் தாணம்மாள். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "எத்தன வயித்தக் கெட்டுன கையி தெரியுமா டாக்டரே?"

தேவகனிக்கு முகம் வெளிறிவிட்டது. டாக்டர் கத்தப்போகிறார் என்று வார்டே எதிர்பார்த்தது. அவர் முடிச்சை நிதானமாக அவிழ்த்தார்.

"கொள்ளாம், நல்ல கெட்டுத்தான். பிள்ள பெத்தவளுக்கு. இவிய நெஞ்சு விரிஞ்சு மூச்சு விடணும் அம்மா. நீங்க தையல காப்பாத்துகேன்னு ஆள மூச்சுமுட்ட வச்சிருக்கிய. வலியில்லேன்னு இவிய சொன்னத நம்புன நானும் மடையன்தான்." முத்துக்கனி பக்கம் திரும்பினார். "ஒளிக்காமச் சொல்லுதேன். இன்னைக்கு இருமித் துப்பி, எந்திரிச்சு நடக்கணும். இல்லேன்னா நிமோனியாவுல கொண்டு விட்டிரும். வயிறு பிழைச்சும் ஆளு பிழைக்காது."

முத்துக்கனியின் கண் நிறைந்தது. வீட்டில் இரண்டு பிள்ளைகள். சின்னது இன்னும் தனியாகச் சோறு பிசைந்து உண்ணாது.

"வலிக்குது" என்றாள். அத்தனை நாள் அடக்கிய சொல் அது, கேட்க மூச்சைப் போல இருந்தது. "உயிர் போவுது டாக்டரே. ஆனா அந்த ஊசி எனக்கு வேண்டாம்."

"அந்த ஊசி ஆரு தாறா?" டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "முந்தியெல்லாம் நாங்களும் வயித்த அறுத்தா நாள்கணக்குல மல்லாக்கப் போட்டு வைப்போம். ஆளு கத்தும், ஊசி போடுவோம், ஒறங்கும், திரும்பக் கத்தும். இப்ப மொற மாறிட்டு. வலி ஏறி வாற வழியிலேயே அதத் தடுக்கணும். உங்க விலா எலும்புக்கு எடையில ஓடுத நரம்ப மரத்துப்போகப் பண்ணுவேன். பல்லு பிடுங்கும்போ ஊசி போடுவாவளே, அந்த எனம். தலைக்கு ஏறாது. புத்தி உங்க கையில இருக்கும். வலி அடங்குன நேரத்துல இருமணும், நடக்கணும்."

"அபின்கடக்காரனும் எங்கப்பாகிட்ட இப்பிடித்தான் சொன்னான். வலிக்கு மட்டுந்தான், வேற ஒண்ணும் செய்யாதுன்னு."

டாக்டர் குழலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

இப்படியும் ஒரு அகப்படல் உண்டா? ஊசி வேண்டாமென்றால் சளி கட்டிச் சாக வேண்டும். வேண்டுமென்றால் அப்பா போன வழியில் போக வேண்டும். இந்தப் பக்கம் சுவர், அந்தப் பக்கம் மைனி, நடுவே நெருப்பாக எரியும் வயிறு. முத்துக்கனி கண்ணை மூடினாள். மூடிய கண்ணுக்குள் அப்பாவின் கண் வந்தது. அபின் ஏறியதும் அவர் கண்மணி கடுகளவாகச் சுருங்கிவிடும். பட்டப்பகலில் அவள் முகத்துக்கு நேராகப் பார்த்தும் அவளைப் பார்க்க மாட்டார்.

சட்டென்று கண்ணைத் திறந்தாள்.

"எனக்கு ஒரு கண்ணாடி வேணும்."

"என்னத்துக்குட்டி இப்ப கண்ணாடி?" என்றாள் தாணம்மாள்.

"ஊசி போடும்போ எனக்க கண்ண நான் பாக்கணும். கண்ணுமணி சுருங்குச்சுன்னா அது அபின். அந்தால நிறுத்தீரணும். சத்தியம் பண்ணுங்க டாக்டரே."

டாக்டர் வாய்விட்டுச் சிரிக்கப் போனவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"நீங்க சொன்னது சரி, அபின் ஏறுனா கண்ணுமணி சுருங்கும். நல்ல பரிசோதனை. நீங்க நிறுத்தச் சொன்னா நிறுத்துதேன்."

தேவகனி தொப்பியைச் சரிபார்க்க வைத்திருந்த கைக்கண்ணாடியை ஓடிப்போய் எடுத்துவந்தாள். முத்துக்கனியைத் தன் தோளில் சாய்த்து உட்காரவைத்தாள். டாக்டர் விலாவை விரலால் தடவி இடம் பார்த்து, ஒவ்வொரு இடைவெளியாக ஊசியை இறக்கினார். குத்தும்போது வலித்தது. அது வேறு வலி, தாங்கக்கூடிய வலி. முத்துக்கனி கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வெளிறிய முகம், காய்ந்த உதடு, நெற்றியில் பழைய நாமத்தின் அழிந்த தடம். நடுவே இரண்டு கறுத்த கண்மணிகள்.

அவை அப்படியே இருந்தன.

கொஞ்ச நேரத்தில் வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது மெல்ல அணைந்தது. தன் வயிறு தன்னுடையதல்ல, யாருடையதோ என்பது போல ஒரு மரமரப்பு. முத்துக்கனி பயந்து பயந்து மூச்சை இழுத்தாள். உள்ளே போயிற்று. இன்னும் இழுத்தாள். இன்னும் போயிற்று. காற்று இவ்வளவு ருசியானது என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

"தலையணைய வயித்தோட சேத்துப் பிடிச்சுக்கிட்டு இருமுங்க" என்றார் டாக்டர்.

இருமினாள். தையல் விடவில்லை, குடல் வெளியே வரவில்லை, சளிதான் வந்தது. தேவகனி பாத்திரத்தை ஏந்திக்கொண்டு கல்யாண வீட்டில் சிரிப்பது போலச் சிரித்தாள். மத்தியானத்துக்குள் முத்துக்கனி தேவகனியின் கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வரைக்கும் நடந்து, வெளியே ஒரு தென்னையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். பக்கத்துக் கட்டில்காரி, "பிள்ளே, நேத்து நான் ஒனக்காக செபம் பண்ணுனேன். அது பலிச்சுப்போச்சு" என்று பங்கு கேட்டாள்.

தாணம்மாள் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அவிழ்த்துப்போட்ட வேட்டித் துண்டுகளை மடியில் வைத்து ஒவ்வொன்றாகச் சுருட்டிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் கட்டிய கையின் கட்டை ஒருவன் எல்லார் முன்னாலும் அவிழ்த்துக் காட்டிவிட்டான். அந்த வருத்தம் அவளுக்கு உண்மையாகவே இருந்தது.

போகும்போது டாக்டர் சொல்லிவிட்டுத்தான் போனார். மரப்பு கொஞ்ச நேரம்தான் நிற்கும், அது விடுவதற்கு முன்னால் வந்து திரும்பப் போடுவேன், சாயங்காலம் இன்னொரு நடை, வராந்தா முனை வரைக்கும் நடக்கணும் என்று. ஆனால் கடியப்பட்டணத்திலிருந்து வள்ளம் கவிழ்ந்து நசுங்கிய ஒருவரைத் தூக்கிவந்துவிட்டார்கள். டாக்டர் ஆப்பரேசன் அறைக்குள் போனவர் போனவர்தான்.

வெயில் தாழத் தாழ மரமரப்பு விலகியது. வலி போன வழியே திரும்பி வந்தது. சுகம் என்றால் என்னவென்று தெரிந்தபிறகு வருகிற வலி முன்னைவிடப் பொல்லாதது. முத்துக்கனி பல்லைக் கடித்தாள், கட்டில் கம்பியைப் பிடித்தாள். தேவகனி அந்தப் பக்கம் வந்ததும் அவள் கையைப் பற்றிக்கொண்டாள்.

"அந்த ஊசி எப்பம் வரும்? இன்னொண்ணு போடச் சொல்லு பிள்ளே. கொஞ்சம் போதும். கொஞ்சம் போதும்."

"டாக்டர் வந்திருவாவ அக்கா. நான் போய்ப் பாக்கேன்" என்று தேவகனி ஓடினாள்.

தாணம்மாளின் கையில் சுருட்டிக்கொண்டிருந்த துணி நின்றது.

"கேட்டியா ஒன் வாயால? ஒரு ஊசிதான் போட்டுருக்கு. அதுக்குள்ள அடுத்தது கேக்குது. அப்பனுக்க ரெத்தம் எங்க போவும்?" அவள் எழுந்துவிட்டாள். "குமாரு வரட்டும். நாளைக்கே வண்டி பிடிக்கச் சொல்லுதேன். வீட்டுல கெடந்து என்ன ஆனாலும் ஆவட்டும். இங்ஙன வச்சு இன்னொரு சுயம்புவ உண்டாக்க நான் விடமாட்டேன்."

முத்துக்கனி வாயைப் பொத்திக்கொண்டாள். மைனி திட்டியதால் அல்ல. கொஞ்சம் போதும் என்று சொன்னது தன் வாய், ஆனால் குரல் அப்பாவுடையது. கயிற்றுக் கட்டிலில் கிடந்தபடி உள்ளங்கையை நீட்டி, "கொஞ்சம் போதும் மக்கா, கொஞ்சம் போதும்" என்று அவர் அழுவார். ஒரு நாள் அந்த உருண்டையைப் பிடுங்கி அடுப்பில் எறிந்தாள். அவர் அலறினார். நடிக்கிறார் என்று நினைத்தாள். இடுப்பில் நொறுங்கிய எலும்போடு ஒரு மனிதர் நடிக்கிறார் என்று அன்றைக்கு நினைத்தாள்!

கண்ணாடியைத் தேடி எடுத்தாள். கண்ணீரில் மிதந்தாலும் கண்மணிகள் பெரிதாக, கறுப்பாக, தெளிவாக இருந்தன. இது மருந்துக்கான ஏக்கம் அல்ல. வலி, வெறும் வலி. அப்பாவுக்கும் முதலில் இருந்தது இதுதானே? அபின் அவரைத் தின்றது நிஜம். ஆனால் அவருக்கு மட்டும் ஒரு டாக்டர் வந்து விலாவைத் தடவி, வலிக்குதா என்று கேட்டிருந்தால்?

குமாரதாஸ் தோளில் துண்டோடு உள்ளே வந்தான். தெற்குத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர் என்று ரோட்டில் ஊர்வலம், அதனால்தான் பிந்திப்போச்சு என்று ஆரம்பித்தவனைத் தாணம்மாள் பேசவிடவில்லை. நடந்ததை நடக்காததோடு சேர்த்துச் சொல்லி முடித்தாள்.

அவன் மனைவியைப் பார்த்தான். "வலிக்குதா?"

"வலிக்குது" என்றாள் முத்துக்கனி. "முந்தி இல்லேன்னு சொன்னது பூரா பொய்யி. ஊசி கேட்டேன், இன்னும் கேப்பேன். எனக்குப் பயித்தியம் பிடிக்கல்ல, வலிக்குது, அவ்வளவுதான்." மூச்சை ஒருமுறை இழுத்துவிட்டாள். "எங்கப்பாக்கும் இப்பிடித்தான் வலிச்சிருக்கும். அவிய இப்ப எங்க இருக்காவன்னு விசாரிப்பியளா? எனக்கு ஒருக்க பாக்கணும்."

குமாரதாஸ் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். துடைத்த முகத்தையே திரும்பத் துடைத்தான்.

"விசாரிக்காண்டாம்" என்றான் மெல்ல. "கேட்டுக்கு வெளிய, புளிய மரத்துக்குக் கீழ இருக்காவ. ஆப்பரேசன் அன்னைக்குக் காலையிலேயே கம்பூன்றி வந்துட்டாவ. உள்ள கூப்பிட்டேன். மவ சம்மதிக்காம வரமாட்டேன்னுட்டாவ."

"மூணாவது பொதி" என்றாள் தாணம்மாள். அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. "ஏலே, நீ அந்த ஆளுக்கா சோறு வாங்கிக் குடுத்த? எனக்க தம்பியா நீ?"

"அக்கா..."

"பேசாத! அந்த ஆளு இந்தப் படி ஏறுனா, நான் இந்தக் குடும்பத்துல கெடையாது. கல்யாணத்தன்னைக்குச் சொன்னதுதான். இன்னைக்கும் சொல்லுதேன்."

வராந்தா முனையில் நின்றால் கேட் தெரியும். அங்கேதான் சாயங்காலம் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ஊசி இன்னும் வரவில்லை. ஆப்பரேசன் அறைக் கதவு இன்னும் திறக்கவில்லை. முத்துக்கனி தலையணையை எடுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். ஒரு காலைக் கீழே வைத்தாள். கண் இருண்டது. பிடிக்க வந்த குமாரதாஸைத் தலையாட்டித் தடுத்துவிட்டு, மற்றக் காலையும் வைத்து எழுந்து நின்றாள்.

தாணம்மாள் வார்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். சுருட்டிய வேட்டித் துணி இன்னும் அவள் கையில் இருந்தது.

கட்டிலிலிருந்து வாசல் வரை ஒவ்வொரு கட்டிலின் கம்பியாகப் பிடித்து நடந்து வந்த முத்துக்கனி, அவளுக்கு நேரே நின்று வாய் நிறைய மூச்சு வாங்கினாள்.

"மைனி, வழிய விடுங்க. இல்லேன்னா எனக்க கையப் பிடிச்சுக் கூட வாங்க."

தாணம்மாள் இரண்டையும் செய்யவில்லை.